பாடும் உரிமை: ‘டிராகன்சோங்’ நாவல் — ஒரு மறுநோக்கு

சிறுபராயத்திலே விரும்பி வாசித்த நூலொன்றை வளர்ந்தபின் மீண்டும் வாசித்தல் ஒருவகையிலே திறனாய்வு சார்ந்த செயலேயாகும். முதல் வாசிப்பிலே, ‘அடுத்து என்ன நிகழும்’ என்ற ஆவல் வாசகனைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துச் செல்கின்றது. மறுவாசிப்பிலோ கதைமுடிவு முன்னரே தெரிந்திருத்தலின், அன்று கண்ணிற் படாது கடந்துபோன பகுதிகள் கவனத்துக்கு வருகின்றன. அவ்வாறு மீண்டும் வாசிக்கப்படும்போது சில நூல்கள் சுருங்கிவிடுகின்றன. சில நூல்கள் தம் பொருளை மாற்றிக்கொள்கின்றன. ஆன் மக்கஃப்ரி எழுதி 1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராகன்சோங்’ இரண்டாம் வகையைச் சார்ந்தது. டிராகன்களும் இசையும் நிறைந்த சிறுவர் நாவலாக ஆங்கில வாசகரிடையே பெயர்பெற்ற இந்நூல், மறுவாசிப்பிலே உழைப்பையும் உரிமையையும் பற்றிய நாவலாகத் தோற்றம் பெறுவதை இங்கு நோக்கலாம்.

1926ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பிறந்த மக்கஃப்ரி, 1970இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, 2011இல் அங்கேயே காலமானவர். எழுத்துத் துறையில் நிலைபெறுவதற்கு முன்னர் குரலிசையிலும் இசைநாடக அரங்கிலும் பயிற்சி பெற்றிருந்தார். பாடுதல் என்பது அவர் படைப்புகளிலே திரும்பத் திரும்ப இடம்பெறும் பொருளாகும். 1969இல் நூலுருப்பெற்ற அவரது பிறிதொரு படைப்பிலே, விண்கலமொன்றையே தன் உடலாகக் கொண்ட பெண் பாடகியாகச் சித்திரிக்கப்படுகின்றாள். பேர்ண் என்னும் கற்பனைக் கோளைக் களமாகக் கொண்ட குறுநாவலுக்காக 1968இல் ஹியூகோ விருதைப் பெற்றபோது, புனைகதைக்காக அவ்விருதைப் பெற்ற முதற் பெண் என்ற சிறப்பும் அவருக்கு உரியதாயிற்று. அதே களத்தில் இளையோருக்கென அவர் எழுதிய மூன்று நாவல்களுள் முதலாவதே ‘டிராகன்சோங்’. ‘டிராகன்சிங்கர்’ 1977இலும் ‘டிராகன்ட்ரம்ஸ்’ 1979இலும் தொடர்ந்து வெளிவந்தன.

பேர்ண் உலகின் அமைப்பைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும். அங்கு குறிப்பிட்ட காலங்களில் வானிலிருந்து ‘இழை’ எனப்படும் கொடிய பொருள் விழுகின்றது. உயிருள்ளவை அனைத்தையும் அது அரித்துவிடும். டிராகன்களும் அவற்றின்மீது ஏறிச்செல்லும் வீரரும் அவ்விழையை வானிலேயே எரித்து மக்களைக் காக்கின்றனர். மக்கள் கற்பாறைகளைக் குடைந்தமைத்த குடியிருப்புகளில் தலைவர்களின் ஆட்சிக்குட்பட்டு வாழ்கின்றனர். இவ்விரு சாராரோடும் தொடர்புடைய மூன்றாவது பிரிவினரே பாணர். யாழ் போன்ற கருவியை மீட்டிப் பாடுபவராதலின் ‘பாணர்’ என்ற சொல் இங்கு ஆளப்படினும், இவர்கள் புரவலரைத் தேடி அலையும் இரவலர் அல்லர். குடியிருப்புகள் தோறும் அமர்ந்து பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவோரும், செய்தி கொண்டுசெல்வோரும், வரலாற்றையும் கடமையையும் போதனைப் பாடல்களாக மனத்திற் பதியவைப்போரும் இவர்களே. அச்சமுதாயத்திலே பாடல் பொழுதுபோக்குச் சாதனமன்று. அறிவையும் அதிகாரத்தையும் தாங்கிச் செல்லும் ஊடகம். இதனை மறந்துவிட்டால் நாவலின் முரண்பாடு விளங்காது.

கதையின் நாயகியான மெனொலி, அரைவட்டக் கடற்குடியிருப்பின் தலைவன் யானஸின் மகள். முதிய பாணரான பெற்றிரொன் அவளது திறமையைக் கண்டு இசையைக் கற்பிக்கின்றார். அவள் இயற்றிய பாடல்கள் இரண்டைப் பெயர் குறிப்பிடாது தலைமைப் பாணர் ரொபின்ரனுக்கு அனுப்பியும் வைக்கின்றார். அவரது மறைவின் பின்னர் மெனொலிக்கு இசை மறுக்கப்படுகின்றது. அவள் வீட்டைவிட்டு ஓடிக் கடற்கரைக் குகையொன்றிலே தனித்து வாழ்கின்றாள். நெருப்புப் பல்லிகள் எனப்படும் சிறிய பறக்கும் உயிரினங்கள் ஒன்பது அவளோடு பிரியாத பிணைப்புக் கொள்கின்றன. ஈற்றில் ரொபின்ரன் அவளை இனங்கண்டு பாணர் கூடத்துக்கு அழைத்துச் செல்கின்றார்.

சிறுவயது வாசகரின் நினைவில் நிலைத்து நிற்பவை குகையும் ஒன்பது பல்லிகளுமேயாம். பெரியோரின் கட்டளைக்கு அப்பால், தானே மீன்பிடித்து, தானே சமைத்து, தன்னை நேசிக்கும் உயிர்கள் சூழ வாழும் அவ்வாழ்வு எந்தச் சிறுவனையும் சிறுமியையும் கவரத்தக்கது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் இழை விழும் வெளிக்குப் பறந்து சென்று மடியாதிருக்க, அவள் கைக்கெட்டிய இரையை ஊட்டி அவற்றைத் தடுத்து நிறுத்தும் காட்சியின் விறுவிறுப்பு மறுவாசிப்பிலும் குன்றவில்லை. எனினும், மறுவாசிப்பு அக்குகைக்கு முந்திய அத்தியாயங்களிலேயே நெடிது தரித்து நிற்கின்றது.

அவ்வத்தியாயங்களிலே, மெனொலிக்கு மறுக்கப்பட்டது எது என்ற வினா எழுகின்றது. அவளுக்குப் பாடுதல் முற்றாக மறுக்கப்படவில்லை என்பது கூர்ந்து அவதானிக்கத்தக்கது. பெற்றிரொன் மறைந்ததும் புதிய பாணர் வந்துசேரும்வரை பிள்ளைகளுக்குப் போதனைப் பாடல்களைக் கற்பிக்கும் பொறுப்பை யானஸ் அவளிடமே ஒப்படைக்கின்றான். வேறு தகுதியுடையோர் அங்கு இல்லை. ஆனால் அவள் தன் சொந்த மெட்டொன்றை மீட்டியதைக் கேட்டதும் அவளை அடிக்கின்றான். புதிய பாணர் எல்ஜியன் வந்து, பிள்ளைகளை இவ்வளவு நன்றாகப் பயிற்றியவர் யார் என வினவும்போது, அது வளர்ப்புக்காக வந்திருந்த இளைஞன் ஒருவனின் வேலை என்றும், அவன் தன் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்றும் சொல்லப்படுகின்றது. குடியிருப்புக்குப் பெண்ணின் உழைப்புத் தேவை. அவ்வுழைப்பின்மீது அவள் பெயர் பொறிக்கப்படுவதுதான் இழுக்கு. பிறர் இயற்றியதை அவள் ஒப்புவிக்கலாம். தானாக ஒன்றை இயற்றலாகாது. ஒரு சமுதாயம் பெண்ணின் ஆற்றலைப் பயன்படுத்திக்கொண்டே அவளை மறைத்துவிடும் முறையை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டும் சிறுவர் நாவல்கள் மிகச் சிலவே.

அடுத்து, மெனொலியின் கையில் ஏற்படும் காயம். மீன்களைக் குடல்நீக்கித் துப்புரவாக்கும்போது கத்தி நழுவி அவளது இடது உள்ளங்கையை ஆழமாக வெட்டிவிடுகின்றது. காயத்தைப் பராமரிப்பவள் தாய் மாவி. புண் ஆறியபின் விரல்கள் முன்போல் விரிய மறுக்கின்றன. இனி இசைக்கருவியை மீட்ட இயலாது என்ற எண்ணம் மெனொலியிடம் வேரூன்றிவிடுகின்றது. பின்னர் பயிற்சியினால் அக்கை மீளக்கூடியது எனத் தெரியவருகையில், தாய் வேண்டுமென்றே அதனை அவ்வாறு ஆறவிட்டாளோ என்ற ஐயம் தலைதூக்குகின்றது. சிறுவயது வாசகர் மாவியைக் கொடிய தாயாகக் கண்டு எளிதிற் கடந்துவிடுவர். வளர்ந்த வாசகருக்கு அவ்வாறு கடந்துசெல்லுதல் இயலாது. ஆண்கள் கடலுக்குச் சென்றபின் ஒரு குடியிருப்பின் உணவையும் நோயையும் முதுமையையும் சுமப்பவள் அவளே. தன் மகளும் அவ்வாழ்வுக்கே உரியவள் என்று நம்புகின்ற ஒருத்தி, அம்மகளின் வேதனையை முடித்துவைப்பதற்கு அவளது ஆசையையே முடித்துவிட எண்ணினாளோ என்பது நாவலிற் கேட்கப்படாத கேள்வி. மாவியின் உள்ளத்தை ஆசிரியர் போதிய அளவு திறந்து காட்டாமை நூலின் முதன்மையான குறையாகும். அடக்குவோன் ஒருவனாயின் அவனை எதிர்த்தல் எளிது. அடக்குதலை அன்பின் கடமையாக ஏற்றுக்கொண்டவளை விளங்கிக்கொள்ளுதலே கடினம். அக்கடினமான பணியை நாவல் தொட்டுவிட்டு விலகிச் செல்கின்றது.

எனினும், உழைப்பைச் சித்திரிப்பதில் இந்நாவல் தனிச்சிறப்புடையது. கற்பனை உலகை அமைப்போர் பெரும்பாலும் அரசரையும் போரையும் வருணிப்பதோடு அமைந்துவிடுவர். அங்கு யார் சமைக்கின்றார், யார் துப்புரவு செய்கின்றார் என்பது வாசகருக்குத் தெரியவராது. மக்கஃப்ரியின் குடியிருப்பிலோ வலை பழுதுபார்த்தல், மீன் உலர்த்தல், கீரை பறித்தல், மூப்பெய்திய உறவினரைப் பராமரித்தல் ஆகியவை கதையோட்டத்தின் பகுதிகளாகவே அமைந்துள்ளன. கை காயப்பட்டபின் கீரை பறிக்கும் வேலை மெனொலிக்குத் தரப்படுவதனாலேயே அவள் குடியிருப்புக்கு வெளியே சென்று குகையைக் கண்டடைகின்றாள். விந்தைக்கு வழி, இவ்வாறு அன்றாட வேலையினூடாகவே திறக்கின்றது. இத்தகைய நூலைத் ‘தப்பியோட்ட இலக்கியம்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் விமர்சனம் நூலைப் படியாத விமர்சனமே எனலாம். டிராகன்கள்கூட இங்கு மாயத்தால் தோன்றியவை அல்ல. பூமியிலிருந்து சென்று குடியேறிய மனிதர் நெருப்புப் பல்லிகளின் மரபணுவை மாற்றியமைத்து அவற்றை உருவாக்கினர் என்பதை 1988இல் வெளிவந்த ‘டிராகன்ஸ்டோன்’ விரிவாகக் கூறுகின்றது.

பிற்காலத்தில் வெளிவந்த நூல்கள் முந்திய நூலை வாசிக்கும் முறையையும் மாற்றிவிடக்கூடும். 1998இல் வெளிவந்த ‘த மாஸ்டர்ஹார்ப்பர் ஒஃப் பேர்ண்’ ரொபின்ரனின் இளமைக்காலத்தைக் கூறுவது. பெற்றிரொனே ரொபின்ரனின் தந்தை என்பதும், இசைமேதையாகிய அத்தந்தை தன் மகனின் திறமையைக் கண்டுகொள்ளாது புறக்கணித்தவர் என்பதும் அதனால் அறியவருகின்றன. ‘டிராகன்சோங்’ நூலின் தொடக்கத்திலே மறைந்துபோகும் சாந்தமான முதியவர், தன் மகனுக்கு வழங்காத ஊக்கத்தைப் பிறர் மகளுக்கு வழங்கியவர் என்ற எண்ணத்தோடு மீண்டும் வாசிக்குங்கால், அவர் அனுப்பிய அவ்விரு பாடல்களும் ஒருவகைக் கழுவாயாகத் தோன்றுகின்றன. இன்னொன்றும் கருதற்பாலது. ரொபின்ரனின் தாய் மெரலன் பாணர் கூடத்திலே தலைசிறந்த பாடகியாக மதிக்கப்பட்டவள் என்று பிந்திய நூல் காட்டுகின்றது. ஆயின், பெண் பாடுதல் முறையன்று என யானஸ் கொள்ளும் கருத்து பேர்ண் உலகின் தொன்மையான விதியாக இருத்தல் இயலாது. ஒரு குடியிருப்பின் வழக்கமே உலகத்தின் மரபாக அங்கு உயர்த்திப் பேசப்பட்டது. மரபின் பெயரால் விதிக்கப்படும் தடைகள் பல, ஆராயுமிடத்து, ஒரு தலைமுறையின் மானப்பிரச்சினையாக மட்டுமே அமைந்திருத்தல் கூடும்.

நாவல் காட்டும் தீர்வு எத்தகையது என்பதும் ஆராயப்படல் வேண்டும். மெனொலி விடுதலை பெறுகின்றாள். ஆனால் அரைவட்டக் குடியிருப்பு மாறவில்லை. அவளுக்குப் பின் அங்கு பிறக்கும் சிறுமிக்கு என்ன நேரும் என்பதற்கு விடையில்லை. அத்துடன், அவள் விடுதலை பெறுதற்குக் காரணம் அவளது ஒப்பற்ற திறமையும் ஒன்பது நெருப்புப் பல்லிகளுமே. சாதாரண திறமையோடு பாட விரும்பும் பெண்ணுக்கு இந்நூல் ஆறுதல் கூறுவதில்லை. ‘டிராகன்சிங்கர்’ நாவலிலே இக்குறை மேலும் வெளிப்படுகின்றது. பாணர் கூடத்திற் கட்டணம் செலுத்திக் கற்கும் செல்வக் குடும்பத்துப் பெண்கள், ஓடீவா ஒருத்தி நீங்கலாக, பெரும்பாலும் பொறாமையும் அற்பத்தனமும் உடையவராகவே வார்க்கப்பட்டுள்ளனர். ஒருத்தியை உயர்த்திக் காட்டுதற்கு ஏனையோரைத் தாழ்த்துதல் எளிய உத்தியேயன்றிச் சிறந்த உத்தியன்று. கூடத்தின் சமையலறையில் உழைக்கும் கமோ மெனொலியின் பல்லிகளுக்கு உணவூட்டுவதில் மகிழ்கின்றான். வாசகரின் அன்பையும் பெறுகின்றான். ஆயினும், அவனும் பெயரறியாப் பிற ஏவலாளரும் ஏன் எக்காலமும் ஏவலாளராகவே இருத்தல் வேண்டும் என்ற வினாவை நாவல் எழுப்புவதில்லை. பாடலின் கதவு ஒரு பெண்ணுக்குத் திறக்கப்பட்டபோதும் அச்சமுதாயத்தின் படிநிலைகள் அசையாது நிற்கின்றன. மூன்றாம் நாவலிலே கதையின் மையம் குரலுடைந்த சிறுவன் பியமூருக்கு மாற்றப்பட, மெனொலி துணைப்பாத்திரமாக ஒதுங்கிவிடுவதும் குறிப்பிடத்தக்கதாகும்.

இக்குறைகளைக் காணுதல் பழைய அன்பை இழத்தலாகாது. சிறுவயதில் இந்நூல் வாசகருக்கு அளித்த முதன்மையான நம்பிக்கை, தன் பெயர் மறைக்கப்பட்ட ஒருத்தியின் பாடலை எங்கோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கின்றார் என்பதாகும். அந்நம்பிக்கை பொய்யன்று; ஆனால் முழுமையானதுமன்று. தேடி வருவதற்கு ரொபின்ரன் ஒருவர் இல்லாத குடியிருப்புகளிலே, கத்தி பிடித்த கையோடு நிற்கும் மெனொலிகளும், அவர்களைப் பார்த்து மௌனமாய் நிற்கும் மாவிகளும் பலர் இருப்பர். முதல் வாசிப்பு மெனொலியோடு குகைக்கு ஓடுகின்றது. மறுவாசிப்பு அவள் விட்டுச்சென்ற சமையலறைக்குத் திரும்பி வருகின்றது. இவ்விரண்டிற்கும் இடமளிக்கும் நூல் சிறுவர் இலக்கியத்தில் மதிப்புக்குரிய இடத்தைப் பெறத்தக்கதே. இந்நூலை இளையோர் கையிற் கொடுப்போர், சில ஆண்டுகள் சென்றபின் அதனை மீண்டும் ஒருமுறை எடுத்து, இம்முறை மாவியை மனத்திற்கொண்டு வாசிக்குமாறு அவர்களைத் தூண்டுதல் நன்று.