அல்பர்ட் பைக்கின் வாழ்வும் நூலும்: பாயிர நெறி வழி ஓர் ஆய்வு

நூலாசிரியன் ஒருவனை மதிப்பிடப் புகுவார் அவன் வாழ்வை நூலினின்றும், நூலை வாழ்வினின்றும் பிரித்து நோக்கல் எளிதன்று. போற்றுவாரும் தூற்றுவாரும் மிகுந்தவிடத்து இவ்விடர்ப்பாடு பெரிதாகின்றது. அமெரிக்க நாட்டு வழக்கறிஞரும் பிரீமேசன் கழகத் தலைவருமாகிய அல்பர்ட் பைக் என்பாரை இதற்குச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பைக் 1809-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரிற் பிறந்தார். மேற்கே சென்று ஆர்க்கன்சாஸ் பகுதியில் ஆசிரியராகவும் இதழாளராகவும் பணியாற்றிப் பின்னர் வழக்கறிஞரானார். கடவுளர்மீது இவர் பாடிய பாடல்கள் 1839-இல் எடின்பரோவின் ‘பிளாக்வுட்’ இதழில் வெளிவந்தன. 1850-இல் பிரீமேசன் கழகத்திற் சேர்ந்த இவர், 1859-இல் அக்கழகத்தின் ஸ்காட்டிஷ் பிரிவுக்குத் தென்மண்டலத் தலைவராகி, 1891-இல் இறக்குந்துணையும் முப்பத்திரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். இவருடைய பெருநூலாகிய ‘மாரல்ஸ் அண்ட் டாக்மா’ 1871-இல் வெளிவந்தது.

அந்நூலை எவ்வகையிற் சேர்ப்பது என்பதே முதல் வினா. முகவுரையில் பைக் தம்மை ஏறத்தாழச் சமபங்கு ஆசிரியரும் தொகுப்பாளருமாகவே கூறிக்கொள்கின்றார். நூலிற் பாதியளவு பிறருடையதென்றும் ஒப்புகின்றார். எனவே இதனை முதல்நூல் எனல் பொருந்தாது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நம் இலக்கணிகள் வகுத்த வழிநூல் வகை நான்கனுள் தொகுத்தலும் மொழிபெயர்த்தலும் இதன்கண் விரவிக் கிடக்கின்றன. முன்னோர் மொழியை எடுத்தாளுதலை நம் மரபு இழுக்கெனக் கொள்வதில்லை. ஆதலின், பிறர் நூலினின்று கொண்டார் என்பதொன்றே பற்றி இவரைப் பழித்தல் முறையாகாது.

ஆயின் அம்மரபே மற்றொன்றையும் வேண்டுகின்றது. சிறப்புப்பாயிரத்துக்குரிய எட்டனுள் ‘வழி’ என்பதும் ஒன்று. நூல் யாண்டிருந்து வந்தது என்பதைக் கற்பார் அறிதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. பைக்கின் முகவுரை ‘பிறர்’ என்கின்றதேயன்றி, அப்பிறர் யாவர் என முறையாகச் சுட்டவில்லை. எலிபாஸ் லேவி என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் பகுதிகள் பல பெயர் குறிக்கப்படாமலே நூலுள் நிற்கின்றன. 2011-இல் அர்ட்டூரோ டி ஹோயோஸ் வெளியிட்ட குறிப்புரைப் பதிப்பு வாயிலாகவே மூலங்கள் பல விளங்கின. நீதிமன்றத்தில் முன்தீர்ப்பைப் பெயர் சுட்டாது எடுத்துக்காட்டுதல் இயலாது. அத்தொழிலிற் பழகிய ஒருவர் தம் நூலில் அக்கடப்பாட்டை நெகிழவிட்டமை நம் கருத்துக்குரியது.

இனி வாழ்வை நோக்குவாம். சாக்டா பழங்குடியினர் தம் நிலத்தினின்று பெயர்க்கப்பட்டதன் பொருட்டு அமெரிக்க அரசிடம் கோரிய இழப்பீட்டுக்காகப் பைக் வழக்காடினார். உச்ச நீதிமன்றம் 1886-இல் சாக்டாவினர் பக்கம் தீர்ப்பளித்தது. இவரே 1861-இல் தென்னாட்டுக் கூட்டமைப்பின் சார்பாகப் பழங்குடியினரோடு உடன்படிக்கைகள் செய்தார். அடிமை முறையை அவை செல்லுபடியாக ஏற்றன. 1875-இல் எழுதிய மடலொன்றில், கருப்பின மக்களின் பிரின்ஸ் ஹால் மேசன் கிளை முறைப்படி தோன்றியதே என ஒப்பிய இவர், அவர்களை உடன்பிறப்பினராக ஏற்க நேரின் மேசன் நெறியையே துறப்பதாகவும் எழுதினார். சட்ட அறிவு ஏற்றதை உள்ளம் மறுத்தது. உலக உடன்பிறப்பைக் கொள்கையாகக் கொண்ட கழகத்தின் தலைவரிடத்து இம்முரண் சிறியதன்று. வரலாறு எழுதுவார் இதனை மறைத்தலும் தகாது.

தூற்றுவார் செய்த தீங்கும் குறைந்ததன்று. பைக் மறைந்த பின்னர், லியோ டாக்சில் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அவரைச் சாத்தான் வழிபாட்டுத் தலைவராகப் புனைந்துரைத்தார். 1897 ஏப்ரலில் பாரிஸ் அவையொன்றில் யாவும் தம் கட்டுக்கதையே எனத் தாமே அறிவித்தார். அறிவித்த பின்னரும் அப்பொய்யுரைகள் பைக்கின் சொற்களாகவே எடுத்துக்காட்டப்பட்டு வந்தன. வழி கூறாது பிறர் சொல்லைத் தம் நூலிற் சேர்த்தவர்மீது, வழி ஆராயப்படாது பிறர் சொல் ஏற்றப்பட்டது. இரண்டிடத்தும் குற்றம் ஒன்றே. அஃதாவது சொல்லின் பிறப்பிடம் பேணப்படாமை.

வாஷிங்டனில் 1901-இல் நிறுவப்பட்ட இவருடைய சிலை 2020 சூனில் மக்களால் வீழ்த்தப்பட்டு, 2025 அக்டோபரில் மீண்டும் நிறுத்தப்பெற்றது. சிலையை நிறுத்தலும் வீழ்த்தலும் ஆராய்ச்சியாளன் பணியல்ல. எச்சொல் எவருடையது, எச்செயல் எவர் செய்தது எனப் பிரித்துக் காட்டுதலே அவன் கடன். தம் முகவுரையில் பைக், நூலில் பிழையெனத் தோன்றுவதை மறுக்கும் உரிமையைக் கற்பார்க்கு அளித்துள்ளார். அவ்வுரிமையை அவர் நூலோடு நிறுத்தாமல், அவரைப் பற்றி எழுந்த நூல்களுக்கும் உரித்தாக்குவோமாக. பாயிரத்தை வெறும் மரபாகக் கற்கும் நம் மாணாக்கர், அது நூலாராய்ச்சிக்குரிய கருவியுமாதலை இதனால் உணர்வர் என்பது நம் துணிபு.