கிறிஸ்து இல்லாத கெத்சமனி

கெத்சமனி என்றதும் நம் இல்லச் சுவர்களில் தொங்கும் படமே நினைவுக்கு வருகிறது. பாறையருகே கரங்குவித்து இயேசு முழந்தாளிட்டிருக்கிறார். வானொளி அவர் திருமுகத்தில் பொழிகிறது. வின்சென்ட் வான்கோ 1889 ஜூனில் தீட்டிய ‘ஒலிவ மரங்கள்’ ஓவியத்திலோ இயேசுவும் இல்லை, வானதூதரும் இல்லை, உறங்கும் சீடரும் இல்லை. ஆயினும் அதனைக் கெத்சமனி ஓவியங்களுள் ஒன்றாகவே எண்ணலாம் என்பது நம் கருத்து.

தென் பிரான்சின் சான் ரெமியில், முன்னாளில் துறவு மடமாயிருந்த மனநல மருத்துவமனையில் அவர் சிகிச்சை பெற்றுவந்த காலம் அது. ஓவியத்தில் நிலம் அலையலையாய்ப் புரள்கிறது. அடிமரங்கள் முறுக்கிய கயிறுபோல் வளைந்தெழுகின்றன. பின்னே நீல மலைத்தொடர்; மேலே திரண்டு சுழலும் வெண்மேகம். நிலம், மரம், மலை, மேகம் அனைத்திலும் ஒரே கோட்டின் துடிப்பு ஓடுகிறது. இது கண்டதை அப்படியே பெயர்த்தெழுதிய ஓவியமன்று. பழைய மரச்செதுக்குப் படங்களின் கோடுகளைப்போல் வடிவங்களை மிகைப்படுத்தி வளைத்ததாக அவரே தம் தம்பி தியோவுக்கு எழுதினார்.

இயேசுவை ஏன் வரையாது விட்டார்? அலட்சியத்தால் அன்று. போதகரின் மகனான அவர், பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நற்செய்தி அறிவித்தவர். 1888இல் இருமுறை கெத்சமனிக் காட்சியைத் தீட்ட முயன்று, இருமுறையும் சுரண்டி அழித்தார். மறு ஆண்டு, நண்பர்களான கொகேனும் பெர்னாரும் அதே காட்சியைத் தீட்டியபோது அவர் உடன்படவில்லை. வேதனையை உணர்த்த அத்தோட்டத்தையே நேராகக் காட்டவேண்டுவதில்லை என்று பெர்னாருக்கு எழுதினார்.

இதனை அறிந்தபின், மேகம் வானதூதர் என்றும் ஒவ்வொரு மரமும் ஒரு சீடர் என்றும் பொருள் சொல்லத் தோன்றும். அவ்வாறு விடுகதை அவிழ்ப்பது ஓவியத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். மரங்கள் இங்கே மரங்களாகவே நிற்கின்றன. வெயிலும் காற்றும் தாங்கி முறுகிய அவற்றின் மெய்யான உருவமே வேதனையைச் சொல்கிறது. கெத்சமனி என்னும் சொல்லுக்கு எண்ணெய்ச் செக்கு என்றே பொருள். நசுங்காமல் ஒலிவக் கனி எண்ணெய் தருவதில்லை.

எனினும், வேதனை மட்டுமே கெத்சமனி ஆகிவிடாது. தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்த அந்தச் சொல்லும் சேர்ந்ததே கெத்சமனி. அதனை மரங்கள் சொல்ல இயலாது. ஓவியத்தின் குறை இதுவெனச் சிலர் கூறலாம்; நமக்கோ இதுவே அதன் நேர்மையாகத் தோன்றுகிறது. அச்சொல்லைச் சொல்லவேண்டியவர் எதிரே நிற்கும் நாமே. பெரிய வியாழன் இரவில் விழித்திருந்து செபிக்கும் நாம், மரங்களுக்கிடையே வெறுமையாய்க் கிடக்கும் அந்நிலத்தை நம் இடமாகக் கொள்வோமா?