நெளிசல் போடும் கைகள்

சிலாங்கூரின் செமினியில் தினமும் கண்ணில் படும் புரோட்டோன் சாகா காரை ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டுக்குள் ஓடவிடும் பொழுதுபோக்கு மோடர்களை எனக்குப் பிடிக்கும். கறுப்பு எண் பட்டை, வெள்ளை எழுத்து, சிலாங்கூருக்கு ‘பி’. எதையும் விடமாட்டார்கள்.

2005இல் கணினிக்கு வந்த அந்த விளையாட்டின் எஞ்சின் ரெண்டர்வேர். அதில் ஒவ்வொரு கதவையும் இருமுறை செய்ய வேண்டும்: முழுசாக ஒன்று, இடிபட்டதாக ஒன்று. பட்டறையில் நெளிசல் எடுப்பார்கள். இவர்கள் முனைமுனையாக இழுத்து நெளிசல் போடுகிறார்கள்.

2015இல் ‘ஜிடிஏ 5’ கணினிக்கு வந்ததிலிருந்து அதற்கு மாறலாமா என்ற யோசனையும் இவர்களுக்கு உண்டு. அங்கே இடித்த இடத்தை எஞ்சினே மடக்கிக் காட்டும். வெளிச்சமும் அழகுதான். ஆனால் கோப்பு வடிவமே வேறு, கணினியும் வலுவானதாக வேண்டும் (வீட்டில் கேட்டால் ஏச்சுதான்). கையால் போட்ட நெளிசலுக்கோ அங்கே வேலையே இல்லை.