குழல் ஒரு தேசம், உடல் ஒரு தேசம்

பழைய ராணுவத் துப்பாக்கிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது பின்லாந்தின் எம்/39. மேலிருந்து பார்த்தால் அது முழுக்க பின்லாந்துத் துப்பாக்கிதான். குழலின் மேல் சாகோ அல்லது வி.கே.டி. என்ற தொழிற்சாலை முத்திரை, 1942 போல ஓர் ஆண்டு, சின்னக் கட்டத்துக்குள் 'எஸ்.ஏ.' என்ற பின்லாந்து ராணுவ முத்திரை.

திருகாணிகளைக் கழற்றி மரக்கட்டையிலிருந்து இரும்பைத் தூக்கிப் பாருங்கள். பின்பக்க வாலின் அடியில் இன்னொரு ஆண்டு பொறித்திருக்கும். சிலவற்றில் அது 1890-களைச் சேர்ந்தது. ஜார் காலத்து ரஷ்ய ஆலையின் வேலை. குழல் பொருந்தும் அந்த உடல்பாகமான ரிசீவரைப் பின்லாந்து புதிதாகச் செய்யவே இல்லை. கைக்கு வந்த ரஷ்ய மோசின்-நாகந்த் துப்பாக்கிகளைப் பிரித்து, தேய்ந்த குழலைக் கழற்றிவிட்டுப் புதியதை முறுக்கிப் பூட்டினார்கள். முந்தைய மாதிரிகளுக்கு சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனத்திலிருந்தும் குழல்கள் வந்தன.

குழல் மாறிய துப்பாக்கியை மதிப்புக் குறைந்தது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எதிரி நாட்டு இரும்பைக் கொண்டே இவ்வளவு துல்லியமான ஆயுதம் செய்தது சாதாரணக் கைத்திறன் அல்ல. அமெரிக்கச் சட்டம்கூட ரிசீவரின் வயதைத்தான் பார்க்கிறது: அது 1899-க்கு முந்தையது என்றால், 1942-இன் குழல் இருந்தாலும் துப்பாக்கி தொல்பொருள்தான்.

இப்படி ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால், பளபளப்புக்காக முத்திரைகளைத் தேய்த்துவிடாதீர்கள்.