பண்ணையில் பாதி

காதலில் மனம் உடைந்த மாட்டுக்காரன் ஒருவன் ஊரை விட்டு மேற்கே போகிறான். ஆளில்லாப் புல்வெளியில் நிலம் பிடிக்கிறான், மாடு பெருக்குகிறான், வீடு கட்டுகிறான். எல்லாம் ஆனபின் ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள், காயம் ஆறுகிறது. வட அமெரிக்க எல்லைப்புறக் கதைகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவை. நமக்கும் இது அந்நியமல்ல. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ போன்ற படங்களும், சிவகாசியிலிருந்து வரும் டெக்ஸ் வில்லர் காமிக்ஸும் கௌபோயைத் தமிழ் பேச வைத்தன. அந்த டெக்ஸ் வில்லரும் மனைவியை இழந்தவரே. அவற்றுக்கு வெகுகாலம் முன்பே முல்லைக்கலியின் ஆயர்கள் பெண்ணை மணக்க ஏறு தழுவியிருக்கிறார்கள். இக்கதைகளிடம் ஒரு நேர்மை உண்டு. முரட்டு ஆணுக்கும் மனம் உடையும் என்பதை அவை ஒப்புக்கொள்கின்றன. நிலம் மட்டும் ஒருவனுக்குப் போதாது என்கின்றன. பிழை அவற்றின் வரிசையில் இருக்கிறது. முதலில் நிலம், பிறகு பெண் என்று சொல்லும்போது, முடிந்துபோன வேலைக்குக் கிடைத்த பரிசாக அவள் ஆகிவிடுகிறாள். வரலாற்றில் அவள் அந்த வேலையில் பாதி. கதை செய்த இதே பிழையைக் கனடாவின் சட்டமும் செய்தது என்பதும், அந்தத் தனிமையைப் பெருக்கியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்பதும் என் வாதம்.

கனடாவில் இந்தக் கதைக்கு மிக அருகில் வாழ்ந்தவர் ஜோன் வேர். அமெரிக்காவின் தெற்கில் அடிமைத்தனத்தில் பிறந்த கறுப்பினத்தவர். 1882இல் ஒரு மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு இன்றைய அல்பேர்ட்டாவின் பார் யூ பண்ணைக்கு வந்தார். பிறகு சொந்தப் பண்ணை அமைத்தார்; அவருடைய மாடுகளுக்குச் சுட்ட குறி 9999. 1892இல் அவர் மணந்த மில்ட்ரெட் லூயிஸ் ரொறன்ரோவில் பிறந்தவர். 1905இன் முற்பாதியில் மில்ட்ரெட் நோயில் இறந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் வேரின் குதிரை ஒரு வளைக்குழியில் கால் இடறி விழ, அதன் அடியில் அகப்பட்டு அவரும் இறந்தார். அல்பேர்ட்டா தனி மாகாணமாகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவரைப் பற்றி அந்நாட்டார் சொல்லிவந்ததில் பெரும்பகுதி உடல் வலிமையைப் பற்றியது: காளையை மடக்கியது, அடங்காத குதிரையை அடக்கியது. ஆனால் வேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பண்ணையின் கணக்குகளைக் கவனித்தவர் மில்ட்ரெட். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவரும் அவரே. கணக்குத் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குள் இல்லாமல் அந்தப் பண்ணை எத்தனை குளிர்காலம் தாங்கியிருக்கும்? காளையை மடக்கிய கைகளைக் கொண்டாடிய ஊர், பேரேட்டைப் பிடித்த கைகளை அவ்வளவாக நினைக்கவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டம் மேற்குப் புல்வெளியில் 160 ஏக்கரைப் 10 டொலர் பதிவுக் கட்டணத்துக்கு வழங்கியது. மூன்று ஆண்டு அங்கே குடியிருந்து, வீடு கட்டி, குறித்த அளவு நிலத்தைப் பண்படுத்தினால் அது சொந்தம். இதன் பெருமையைக் குறைத்துப் பேசக்கூடாது. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர்களுக்கு, பிறப்பைக் கேட்காமல் நிலம் கொடுத்த ஏற்பாடு அது. ஆயினும் அது யாருடைய நிலம் என்ற கேள்வி முதலில் நிற்கிறது. 1870களில் முதற்குடிகளோடு எழுதப்பட்ட ஒப்பந்தங்களின் மேலும், அவற்றை மீறியும் அந்தப் புல்வெளி பங்கிடப்பட்டது. ‘ஆளில்லா வெளி’ என்பது கதையின் முதற்பொய். இரண்டாவது குறை பெண்களைப் பற்றியது. 1876 முதல், குடும்பத் தலைவியாக இருந்தாலொழிய, பெரும்பாலும் பிள்ளைகளோடு நிற்கும் கைம்பெண்ணாக இருந்தாலொழிய, ஒரு பெண்ணுக்கு இந்த நிலம் கிடையாது. மணமாகாத பெண் விண்ணப்பிக்கவே முடியாது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. 1911ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் அல்பேர்ட்டாவிலும் சஸ்கட்சுவானிலும் இரண்டு பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்கள் இருந்தார்கள். மண் குடிலில் தனியாகக் குளிர்காலம் கழித்த இளைஞனின் ஏக்கத்தை விதி என்று கதை சொல்கிறது. அதில் ஒரு பங்கு சட்டம் எழுதிய விதி. பதிந்த நிலங்களில் பத்தில் நான்கு அளவுக்குப் பட்டா பெறாமலே கைவிடப்பட்டன என்று வரலாற்றாசிரியர் செஸ்ரர் மார்ட்டின் மதிப்பிட்டார். வறட்சி, கடன், உறைபனி எல்லாம் காரணங்களே. துணையில்லாமல் உழைத்துச் சோர்ந்ததையும் அவற்றோடு சேர்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் உலகமே அப்படித்தான் இருந்தது, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பார்கள். அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளப்போம். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதான மணமாகாத பெண்ணுக்கும் நிலம் கொடுத்தது. உழவு பெண்ணால் ஆகாது என்ற வாதத்துக்கு ஜோர்ஜினா பின்னி கிளார்க் 1905இல் பதில் சொல்லத் தொடங்கினார். சஸ்கட்சுவானில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் கோதுமை விளைவித்தார். பெண்களுக்கும் நிலம் வேண்டுமென்று 1913இல் ஒட்டாவாவுக்குப் போன மனுவில் 11,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல இடமில்லை. கேட்டார்கள், மறுத்தார்கள்.

கதை முடியும் இடத்தில், அதாவது பெண் பண்ணைக்குள் வந்தபின், என்ன நடந்தது என்பதற்கு ஐரீன் மேர்டொக்கின் வழக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. அல்பேர்ட்டாவில் கணவனோடு கால் நூற்றாண்டு பண்ணை வேலை செய்தவர் அவர். வைக்கோல் வாரினார், டிரக்கும் டிராக்டரும் ஓட்டினார், மாடுகளுக்குக் கொம்பு நீக்கினார், தடுப்பூசி போட்டார், குறி சுட்டார். ஆண்டில் சில மாதம் கணவன் வேறு வேலைக்குப் போனபோது பண்ணையைத் தனியாகப் பார்த்தார். மணவாழ்வு முறிந்தபின் பண்ணையில் பங்கு கேட்டார். பண்ணைக்காரர் மனைவி எவரும் செய்யும் வேலைதானே என்றது கீழ் நீதிமன்றம். 1973இல் உச்ச நீதிமன்றமும் அவருக்குப் பங்கில்லை என்றது. ஐந்து நீதிபதிகளில் மாறுபட்டவர் போரா லஸ்கின் ஒருவரே. ‘எவரும் செய்யும் வேலை’ என்ற அந்தச் சொல்லில் பரிசுக் கதையின் முழுத் தர்க்கமும் இருக்கிறது: பரிசு உழைத்தால் அதற்குக் கூலி கிடையாது. தீர்ப்புக்கு எதிராக எழுந்த கோபம் சட்டத்தை அசைத்தது. ஒன்ராறியோ 1978இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியது, அல்பேர்ட்டாவும் பின்தொடர்ந்தது. இன்று ரொறன்ரோவில் மணமுறிவின்போது ஒரு தமிழ்ப்பெண், பத்திரத்தில் தன் பெயர் இல்லாத குடும்ப வீட்டின் மதிப்பிலும் பங்கு கேட்க முடிகிறதென்றால், அந்தப் பாதையில் ஒரு மாட்டுப்பண்ணைப் பெண்ணின் தோல்வி கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தார்க்கு இது இன்னும் கூர்மையாக உறைக்க வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமை, முதுசம், சீதனம் என்பவற்றோடு தேடியதேட்டம் என்ற ஒன்றையும் அடையாளம் கண்டது. மணவாழ்வின்போது ஈட்டியது இருவருக்கும் பொது. ஐரீன் மேர்டொக் கேட்டதற்குக் கிட்டிய கொள்கை அவருக்கு 266 ஆண்டு முன்பே நம் ஊரில் எழுத்தில் இருந்தது. இதைச் சொல்லிப் பெருமைப்பட மட்டும் முடியாது. அதே தேசவழமை பொதுச் சொத்தை ஆளும் அதிகாரத்தைக் கணவனிடம் விட்டது. தன் பெயரிலுள்ள காணியையே மனைவி விற்க அவனுடைய எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. சீதனம் எத்தனை வீடுகளைக் கடனில் தள்ளியது என்பதும் தெரிந்ததே. பங்கு உண்டு, பேச்சு இல்லை என்ற நிலை அது. ஆனாலும் உழைப்பை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கும் எண்ணத் தெரியாத சட்டத்துக்கும் இடையே முதலாவதையே நான் தேர்வேன்.

கதை ஆறுதலுக்கு, அதன்மேல் சட்டத்தின் பாரத்தை ஏன் ஏற்றுகிறீர்கள் என்பது கடைசி மறுப்பு. கதைதான் நினைவைத் தீர்மானிக்கிறது என்பதால் ஏற்றுகிறேன். ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள ஸ்ரௌவ்வில் ஊரையே பாருங்கள். 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து நிலம் தேடி வந்த, மெனனைற் சமயப் பிரிவினரான ஏபிரகாம் ஸ்ரௌவரின் பெயர் ஊருக்கு நிலைத்தது. உடன் வந்த மனைவி எலிசபெத் ரீசரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இதே ஊர் மண்ணில் வென்டாற் மக்களின் பெரிய கிராமம் ஒன்று இருந்ததை 2003 முதல் 2005 வரை நடந்த அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. நூற்றுக்குச் சற்றுக் குறைவான நீள்வீடுகள். வென்டாற் மக்களிடம் நீள்வீடு தாய்வழிக்கு உரியது. சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டவர்கள் பெண்கள். மார்க்கம் நகரைத் தாண்டி இப்போது தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கி நகரும் மண் இது. நாமும் விழா மலர்களிலும் நினைவு நூல்களிலும் குடியேற்றக் கதை எழுதுகிறோம். அவர் வந்தார், இரண்டு வேலை செய்தார், வீடு வாங்கினார், பிறகு மனைவியை எடுப்பித்தார் என்றே எழுதுகிறோம். எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மோட்கேஜில் எத்தனை மாதத் தவணை யாருடைய தொழிற்சாலைச் சம்பளத்தில் போனது என்று அந்த வீட்டில் கேளுங்கள். கேட்டதை அவர் பெயர் வரும் அதே வரியில், அவளுடைய பெயரோடு எழுதுங்கள்.