பல்லாங்குழி: இரண்டாவது ஆட்டம் எங்கே போச்சு?

பிள்ளைகளுக்கு மொபைலுக்குப் பதிலா வீட்டில் என்ன கொடுக்கலாம்னு கேட்டால், இப்போ பலரும் சொல்கிற பதில் பல்லாங்குழி. கணக்கு வரும், ஞாபகசக்தி வளரும், விரல் பழகும் என்று பெட்டியிலேயே அச்சடித்து விற்கிறார்கள். நல்ல விளையாட்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெட்டிக்குள் வருவது பாதி ஆட்டம்தான் என்பது என் வாதம்.

முதலில் விதி. ஊருக்கு ஊர் மாறும். இது தேனிப் பக்கம் எங்க வீட்டில் ஆடுகிற முறை. ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 புளியமுத்து, ஆக 70. நம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகணும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அந்தக் குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு நம் முறை முடிந்தது. நடுவில் எந்தக் குழியிலாவது 4 சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார்.

இதில் பிள்ளை என்ன கணக்குப் படிக்கிறது? இதுவரைக்கும் எண்ணுவது மட்டும்தான். ஒண்ணாப்புப் பிள்ளைக்குச் சரி. அதற்கு மேலான கணக்கு வருவது முதல் ஆட்டம் முடிந்த பிறகு. ஒருவர் கையில் 37, இன்னொருவர் கையில் 33 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆட்டத்துக்கு அவரவர் காயை வைத்துத்தான் அவரவர் குழியை நிரப்பணும். 37 உள்ளவர் ஏழு குழியையும் நிரப்பி 2 மிச்சம் வைப்பார். 33 உள்ளவருக்கு ஆறு குழிதான் நிரம்பும், மிச்சம் 3. ஒரு குழி மூடியாச்சு. வகுத்தல், ஈவு, மீதி எல்லாம் பிள்ளையின் கையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கையிருப்பில் வித்தியாசம் வெறும் 4 காய். ஆனால் தோற்றவருக்கு இனி அள்ளுவதற்கே ஒரு குழி குறைவு.

நான் வாங்கிப் பார்த்த இரண்டு பெட்டிகளின் விதித்தாளிலும் இந்தப் பகுதி இல்லை. மொபைலில் இறக்கிப் பார்த்த செயலியிலும் இல்லை. ஒரு ஆட்டம், யாரிடம் அதிகம், கைதட்டல், மறுபடியும் எல்லாக் குழியிலும் 5. எங்க தொழில் பாஷையில் சொன்னால் ரீசெட்.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' நூலில் பல்லாங்குழி பற்றி ஒரு கட்டுரை உண்டு. சமமாகத் தொடங்குகிற ஆட்டம் சமம் குலைந்து முடிவதைக் கவனித்து, அதைத் தனிச்சொத்துரிமையின் தோற்றத்தோடு சேர்த்துப் படிக்கிறார். முக்கியமான வாசிப்பு. ஆனால் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கேள்வி வரும்: சமம் குலைவது எந்த விதியில்? காய் விதைக்கிற ஆட்டங்கள் சிலவற்றைக் கணினியில் முழுசாகத் தீர்த்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அவாரியை 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமெய்ன், ஹென்றி பால் என்ற இருவர் தீர்த்தார்கள். இரண்டு பேரும் பிசகாமல் ஆடினால் அது டிரா. கலா என்ற இன்னொரு ஆட்டத்திலோ பெரும்பாலான தொடக்க அமைப்புகளில் முதலில் ஆடுபவருக்கே வெற்றி. ஆக, ஒரு ஆட்டத்துக்குள் சமம் குலைந்தே தீரணும்னு கட்டாயமில்லை. அது விதியைப் பொறுத்தது. பல்லாங்குழியில் ஏற்றத்தாழ்வு நிலைப்பது, ஜெயித்த காயோடு அடுத்த ஆட்டத்துக்கு வரலாம் என்ற விதியால். தொ.ப.வின் வாசிப்புக்கு வலுவான சான்று இரண்டாவது ஆட்டத்தில்தான் இருக்கிறது. பெட்டிக்காரர்கள் வெட்டி எறிந்ததும் அதையேதான்.

ஏன் வெட்டினார்கள்? பிள்ளை தோற்று அழக்கூடாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குப் பெரிய காரணமாகத் தெரிவது நேரம். ஒரு குழிகூட நிரப்ப முடியாமல் ஒருவர் தோற்கும்வரை ஆட ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். எதிரே ஒரு ஆள் உட்காரணும். கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற அம்மாக்கள் எத்தனையோ பேர். லீவு நாளில் அந்த வீட்டுப் பிள்ளைக்கு எதிரே உட்காருவது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். லேப்டாப்பை மூடாத எங்களைப் போன்ற வீடுகளில் பலகை இருக்கிறது, எதிரே உட்கார ஆள் இல்லை. அந்தக் குறையை மறைக்கத்தான் 'பிள்ளை தானே கற்கும்' என்கிற வாசகம் உதவுகிறது.

தோற்ற பிள்ளை ஆறு குழியோடு ஆடி, மூடிய குழியைத் திரும்பப் பிடிப்பதைப் பார்த்தால் தெரியும், இந்த ஆட்டம் எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்று. பலகை வாங்கியவர்கள் விதித்தாளை எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். போடி, சின்னமனூர், கூடலூர்ப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், மூடிய குழிக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், கடன் கொடுக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். தொகுத்து வைக்கலாம்.