ஒரு வரியில் இரண்டு கை

புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் உள்ள கோகர்ணேசுவரர் கோயில் பாறையைக் குடைந்த ஒரு சிறு கருவறையைச் சுற்றி வளர்ந்தது. பின்னால் சேர்ந்த பகுதிகளில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு. இந்த வட்டாரத்துக் கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லோடு தொடங்குகின்றன. அந்தச் சொல் வடமொழிக்குரிய கிரந்த எழுத்தில் இருக்கும். அதை அடுத்து அரசன் பெயர், ஆட்சியாண்டு, நிலத்தின் எல்லை எல்லாம் தமிழ் எழுத்தில் ஓடும். நடுவே ஒரு வடசொல் வந்தால் மீண்டும் கிரந்தம் தலைகாட்டும். சொல் முடிந்ததும் தமிழ் தொடரும். உளி ஒன்றுதான், வரியும் ஒன்றுதான். எழுதும் கை மட்டும் மாறுகிறது.

ஐரோப்பிய அச்சில், வேற்றுமொழிச் சொல்லை வேறு கையில் காட்டும் இந்த வேலையைச் செய்வது இட்டாலிக் என்னும் சாய்வெழுத்து. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட வர்ஜில் கவிதை நூல்தான் முழுக்க அந்த எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அச்செழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்கால அறிஞர்களும் அலுவலக எழுத்தர்களும் வேகமாக எழுதிய கையெழுத்தே அவருக்கு மாதிரி. சாய்வு மிகக் குறைவு. பெரிய எழுத்துகள் சாயாமல் நிமிர்ந்தே நின்றன. அதன் அழகு இருப்பது சாய்வில் என்பதைவிட ஓட்டத்தில் என்பதே பொருத்தம். நிமிர்ந்த எழுத்தில் கோட்டின் இரு முனையிலும் பாதம்போல் நிற்கும் செரிஃப், இதில் பேனா தாளைத் தொடும் இடத்திலும் விடும் இடத்திலும் ஒரு சிறு கொக்கியாகிவிடுகிறது. இரண்டு அடுக்கான 'ஏ' ஒற்றை வளைவாக இளைக்கிறது. 'எஃப்' வரிக்குக் கீழே கால் நீட்டுகிறது. முதலில் தனி நூலெழுத்தாக இருந்த இது, பிறகுதான் நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாகி நூற்பெயர், அயல்மொழிச் சொல், அழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் வேலையை ஏற்றது.

கணினியில் தமிழைச் சாய்க்கும்போது இந்த நுட்பம்தான் தொலைந்துபோகிறது. எழுத்து வேறொரு கையால் எழுதப்படுவதில்லை. இருக்கும் எழுத்தையே மென்பொருள் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. 'ட' சரிந்த சுவராகிறது. 'ப', 'ம' இரண்டும் ஆட்டம் கண்ட பெட்டிகளாகின்றன. 'ஞ', 'இ' ஆகியவற்றின் சுழிகள் மூலைவாக்கில் இழுபட்டு, கோட்டின் தடிமன் வேண்டாத இடத்தில் பருக்கிறது. தலைக்கு மேல் நிற்க வேண்டிய புள்ளி அடுத்த எழுத்தின்மேல் நகர்ந்து கண்ணை ஏமாற்றுகிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் இதைப் படிப்பது தண்டனைதான்.

அழுத்தத்துக்காகத் தமிழ் சாய்வெழுத்தை அவ்வளவாகத் தேடவும் இல்லை. 'அவன் வந்தான்' என்பதில் 'அவன்' என்ற சொல்லை ஆங்கிலக்காரர் சாய்க்க வேண்டியிருக்கும்; தமிழர் 'அவனே வந்தான்', 'அவன்தான் வந்தான்' என்று முடித்துவிடுவார். தேற்றம், பிரிநிலை என்று ஏகாரத்துக்கு இலக்கணம் வகுத்த பொருள்களில் சில, அச்சுக்கோப்பவர் செய்ய வேண்டிய வேலை. எஞ்சியதை மேற்கோள் குறியும் தடித்த எழுத்தும் பார்த்துக்கொண்டன.

ஆனால் வேறு மொழிச் சொல்லை வேறு கையில் எழுதும் வழக்கம் தமிழ்நாட்டுக் கல்லில் ஆல்டஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்தது. புதுக்கோட்டைக்கு மேற்கே உள்ள குடுமியான்மலை இசைக் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. பாறைமுகத்தில் ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகக் கோத்த பண்கள் பழைய கிரந்த எழுத்தில் உள்ளன. இதன் காலம் பொதுவாக 7ஆம் நூற்றாண்டு எனப்படுகிறது. ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன் செய்தது என்ற செய்தி வடமொழியில் வருகிறது. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியன என்ற குறிப்பு மட்டும் தமிழில். எழுத்து மாறும் இடத்தில் மொழியும் மாறுகிறது. கட்டம் கட்டமாக அடுக்கிய அந்தச் சுர எழுத்துகளின் ஒழுங்கைப் பார்த்தால், வெட்டியவருக்குப் பக்க அமைப்புப் பற்றித் தெளிவான எண்ணம் இருந்தது விளங்கும்.

கையோட்டம் என்ற அளவில் இட்டாலிக்குக்கு நெருங்கிய உறவு வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் பரவலாக வழங்கிய இந்த எழுத்தில் கோணங்கள் குறைவு, கோடு எடுத்த கையோடு வளைந்து முடியும். பனையோலையில் நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும், அதனால்தான் எழுத்து வளைந்தது என்று சொல்வதுண்டு. அதே ஓலையில் 'ட'வும் 'ப'வும் காலங்காலமாக நேர்க்கோட்டோடு பிழைத்து வந்திருப்பதால் அந்த விளக்கத்தை முழுதாக ஏற்க முடியாது. எழுதும் வேகமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். வட்டெழுத்து அழகானதுதான், ஆனால் பல எழுத்துகள் ஒன்றுபோலவே தோன்றும் அளவுக்கு உருண்டுவிட்டது. சோழர் ஆட்சி பாண்டிய நாட்டுக்குள் வந்த பிறகு, தமிழ் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது.

இரண்டு கை வழக்கம் அச்சுக்கும் வந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் தமிழ்ப் பாடத்தின் நடுவே வடசொற்களைக் கிரந்த அச்செழுத்தில் கோத்தார்கள். பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் கல்லில் எழுத்து எங்கே மாறியது என்று தெரிந்துவிடும். இன்றைய தமிழ் அச்சில் அந்தக் கிரந்தத்தில் மிஞ்சியவை ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ.

திருக்கோகர்ணத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு, உள்ளங்கையில் அடங்குவது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் வெளியிட்ட அம்மன் காசின் ஒரு பக்கத்தில் இக்கோயிலின் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கிறாள். மறுபக்கத்தில் 'விஜய' என்ற சொல், தெலுங்கு எழுத்தில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து வந்த காசிலும் அந்த எழுத்து மாறவில்லை. விரல்நுனி அளவுச் செம்பில் தெலுங்கின் உருண்ட வடிவங்கள் வட்டத்தின் விளிம்புக்கு இசைந்து நிறைகின்றன.